சர்ஜரிக்குப் போன கதை

2025 டிசம்பர் 14, ஞாயிறு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே நீ வேறு வேலை பார்ப்பாய். அதனால்தான் காகிதம்.

நேற்று நீ சொன்னது ராத்திரி முழுக்கக் காதிலேயே நின்றது. மூன்று வாரமாக லிஃப்ட் ஓடவில்லை, பதினோராம் மாடிக்குப் படியேறுகிறாய், ஆறாம் மாடியில் சக்கர நாற்காலியில் இருக்கும் பெரியவர் வாசலைக்கூடப் பார்க்கவில்லை. யாருக்காவது எழுதேன்டி என்றேன். "எழுதி என்னம்மா ஆகப் போகுது?" என்றாய். போன வருஷம் வரை நானும் அதே கட்சிதான், அதனால் உன்னைத் திட்டுவதற்கு வாய் வரவில்லை. வீட்டுப் பின்னால் நடந்ததை உனக்கு அரையும் குறையுமாகத்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது முழுசாகச் சொல்கிறேன், காபி போட்டுக்கொண்டு உட்கார்.

பின் சந்தில், மலையிலிருந்து வரும் ஓடை பூமிக்கடியில் குழாய்க்குள் நுழையுமே, நினைவிருக்கிறதா? அந்த வாயில் இருக்கும் கம்பித் தடுப்பில்தான் நீ சின்ன வயதில் பந்தை விட்டுவிட்டு அழுவாய். இலை, கிளை, குப்பை எல்லாம் அந்தக் கம்பியில் வந்து சேரும். யாராவது வாரி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் தண்ணீர் குழாய்க்குள் போகாமல் சந்துக்குள் ஏறும். இவ்வளவுதான், இதைப் புரிந்துகொள்ள இன்ஜினீயர் வேண்டாம். 2024 நவம்பரில் பெர்ட் புயல் அடித்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவைத் திறக்கிறேன், சமையலறைப் படி வரை தண்ணீர். கறுப்புத் தண்ணீர். மேலே இருக்கும், சுரங்கக் கழிவைக் கொட்டி வைத்த பழைய நிலக்கரிக் குவியலை உரசிக்கொண்டு வரும் ஓடை அல்லவா! அரிசி டின்னைத் தூக்கி அடுப்பு மேல் வைத்ததுதான் நான் செய்த முதல் வேலை. மழை விட்டதும் போய்ப் பார்த்தால் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் பாய் விரித்த மாதிரி இலை.

அந்தக் கம்பியைப் பற்றி அதற்கு முன்பே நான்கு முறை போன் செய்திருந்தேன். ஒவ்வொரு முறையும் "குறித்துக்கொண்டோம்" என்றார்கள். இங்கே பெரிய ஆறு ஒருவர் பொறுப்பு, சிற்றோடை இன்னொருவர் பொறுப்பு, மலைமேல் குவியல் நிலத்துக்காரர் பொறுப்பு. ஓடை எங்களுடையது, கம்பி எங்களுடையது இல்லை என்று ஒரு அலுவலகம் சொன்னது. கம்பியா, அது அவர்கள் போட்டது என்றது மற்றொன்று. மாமியார் உடைத்த குடமாகவே அது கிடந்தது.

பக்கத்து வீட்டு மாம்கிதான் சொன்னார், செனெத், அதாவது வேல்ஸ் நாடாளுமன்றத்தின், நம் தொகுதி உறுப்பினருடைய சர்ஜரிக்குப் போவோம் என்று. முப்பது வருஷம் நர்சாக இருந்தவள் நான். சர்ஜரி என்றால் எனக்கு ஆபரேஷன், மிஞ்சிப் போனால் டாக்டரின் கிளினிக். உறுப்பினர் தொகுதி மக்களைப் பார்க்க உட்காருவதற்கும் இங்கே அதே பெயர் என்று, இத்தனை வருஷம் இருந்தும் எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

நூலகத்தின் பக்க அறை. நாலு நாற்காலி, ஒரு ஹீட்டர், எங்களுக்கு முன்னால் நாயோடு ஒரு ஆள். உன் தாத்தா திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அதுதான் ஞாபகம் வந்தது. உள்ளே போனதும் நான் படபடவென்று கொட்டினேன். உறுப்பினர் அம்மா கேட்டுவிட்டு மூன்றே கேள்வி கேட்டார். எந்தத் தேதியில் போன் செய்தீர்கள்? யார் பேசினார்கள்? போட்டோ இருக்கிறதா? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆஸ்பத்திரியில் நோயாளி குடித்த தண்ணீரைக்கூட மில்லிலிட்டர் கணக்கில் எழுதி வைத்தவள், என் வீட்டுக்குள் வந்த தண்ணீருக்குக் கணக்கு வைக்கவில்லை!

அவர் வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பினார். நானும் மாம்கியும் ஒரு பழைய துடைப்பக் கட்டையில் நெயில் பாலிஷால் கோடு போட்டோம், அரை அடிக்கு ஒன்று, உன் மேஜையில் கிடந்த அந்த ரோஸ் கலர்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைக் கம்பிக்குப் பக்கத்தில் ஊன்றி ஒரு போட்டோ. மழை பெய்தால் நடுவில் இன்னொன்று. நோட்டில் தேதி, நேரம், எத்தனையாவது கோடு. போன் செய்தால் பேசியவர் பெயர். சந்தில் பதினாறு வீடு, பதினாறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அதை வைத்து அவர் செய்த வேலைதான் எனக்குப் பிடித்தது. இரண்டு அலுவலகங்களுக்கும் ஒரே நாளில் ஒரே கடிதம் எழுதினார். இரண்டும் அடுத்தவரைக் கை காட்டிப் பதில் போட்டன. அந்தப் பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்தக் கம்பிக்கு யார் பொறுப்பு என்று அமைச்சருக்கு எழுத்துமூலக் கேள்வி போட்டார். வெள்ளத்துக்கு அரசு என்ன செய்கிறது என்று பொதுவாகக் கேட்டால், இவ்வளவு கோடி ஒதுக்கியிருக்கிறோம் என்று பொதுவாகப் பதில் வரும், தப்பித்துவிடுவார்கள் என்றார். அவையில் நேரில் கேட்கும் கேள்விகளைக் குலுக்கல் போட்டு எடுக்கிறார்கள். இரண்டு தடவை அவர் பெயர் வரவில்லை, மூன்றாம் தடவை வந்தது. நாங்கள் பார்க்கப் போனோம்.

ரயிலில் போகும்போதுதான் மாம்கி அபர்வான் என்ற சுரங்க ஊரைப் பற்றிச் சொன்னார். இருபது வருஷப் பழக்கத்தில் அன்றுதான் முதல் தடவை. 1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை காலை. மழையில் ஊறிய ஏழாம் எண் நிலக்கரிக் குவியல் சரிந்து பான்ட்கிளாஸ் பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 116 குழந்தைகள், 28 பெரியவர்கள். மாம்கிக்கு அப்போது எட்டு வயது, அடுத்த பள்ளத்தாக்கு. அப்பா சுரங்கத்திலிருந்து அப்படியே மண்வெட்டியோடு போனவர், ஞாயிற்றுக்கிழமைதான் திரும்பினாராம். வந்து யாரோடும் பேசாமல் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாராம்.

யாரும் எச்சரிக்காமல் இல்லை, கண்ணம்மா. பள்ளிக்குப் பின்னால் கரிக்குழம்பு கொட்டுவதால் ஆபத்து என்று தலைப்புப் போட்டே 1963-ல் கடிதங்கள் போயிருக்கின்றன. அந்தக் கடிதங்கள் குவியலை நிறுத்தவில்லை. ஆனால் பின்னால் விசாரணை நடந்தபோது, யாருக்கும் தெரியாது, எதிர்பாராத விபத்து என்று சுரங்கத்தை நடத்திய நிலக்கரி வாரியம் நழுவ முடியாமல் போனதற்கு அந்த மாதிரித் தாள்களும் ஒரு காரணம். அந்தத் தொகுதி எம்.பி. எஸ்.ஓ. டேவிஸ் விசாரணையில் சொன்னது வேறு மாதிரி. குவியல் மேல் தனக்குச் சந்தேகம் இருந்ததாம். கிளப்பினால் சுரங்கத்தையே மூடிவிடுவார்களோ என்று கிளப்பவில்லையாம். மாம்கி அவரைத் திட்டவில்லை. "அத்தனை வீட்டுச் சோறும் அந்தச் சுரங்கம்தானே" என்றார். அதற்கு மேல் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றையும் கேள். மீதிக் குவியல்களை அகற்ற, மக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுத்தது அரசு. திரும்பிக் கொடுத்தது 1997-ல், வட்டி இல்லாமல். 2007-ல்தான் வேல்ஸ் அரசு அதற்கு ஈடாகப் பெரிய தொகையாக 20 லட்சம் பவுண்டு கொடுத்தது. யாரோ நாற்பது வருஷம் கேட்டுக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

க்வீன் ஸ்ட்ரீட்டில் மாறி கார்டிஃப் பே போய்ச் சேர்ந்தோம். செனெத் கட்டடம் எனக்குப் பிடித்தது. உள்ளே மரத்தால் பெரிய புனல் ஒன்றைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கிறது. பார்வையாளர் மேலே, கண்ணாடி வழியே கீழே உறுப்பினர்களைப் பார்க்கலாம். வெல்ஷில் பேசினால் காதில் மாட்டும் கருவியில் ஆங்கிலம் வருகிறது. மாம்கி அதை மாட்டிக்கொண்டு, "என் பாட்டி பேசிய மொழி, எனக்கு மிஷின் சொல்ல வேண்டியிருக்கு" என்று முணுமுணுத்தார். பள்ளிக்கூடத்தில் வெல்ஷ் எதற்கு என்று நீ அழுததை அவரிடம் சொல்லவில்லை. 1997 வாக்கெடுப்பில் இந்தச் சபையே வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவர் அவர். ஊரே பிளந்து நின்று, வெறும் 6,721 ஓட்டு வித்தியாசத்தில் வந்த சபை. அவருக்குத்தான் அன்று முதல் வரிசை.

நம் கேள்வி வந்தது, போனது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆனால் அந்த அம்மா நம் சந்தின் பெயரைச் சொன்னார், துடைப்பக் கட்டையைச் சொன்னார், யாரோ சிரித்தார்கள். அமைச்சர், அதிகாரிகளிடம் கேட்டு உறுப்பினருக்கு எழுதுகிறேன் என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைத்தேன். வெளியே வந்து கடல் காற்றில் நின்று, கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தைத் தின்றோம்.

ஐந்து வாரத்தில் பதில் வந்தது, பொறுப்பு யாருடையது என்று பெயரோடு. கோடையில் புதுக் கம்பி வைத்தார்கள், சாய்வாக, மேலே நின்று வாரும்படி. மாதம் ஒரு முறை ஆள் வருகிறார். போன மாதம் கிளாடியா புயலில் மொன்மத் மூழ்கியபோது நம் சந்து நனைந்ததோடு சரி. அந்த மழை கிழக்கே கொட்டியது, அதனால் கம்பிக்கு முழு மார்க் கொடுக்க மாட்டேன்.

மலைமேல் குவியல் அப்படியேதான் இருக்கிறது. இது மாதிரி கைவிட்ட நிலக்கரிக் குவியல் வேல்ஸில் 2,500-க்கு மேல். அவற்றைக் கவனிக்கத் தனி ஆணையம் அமைக்க இந்த வருஷம் சட்டம் வந்திருக்கிறது, அது 2027-ல்தான் வேலை தொடங்குமாம். அதுவரை துடைப்பக் கட்டை வேலையில் இருக்கும். வருகிற மே தேர்தலில் செனெத் 60 பேரிலிருந்து 96 ஆகிறது, தொகுதிகள் பெரிதாகி ஒவ்வொன்றுக்கும் ஆறு பேர். "ஆறு பேரில் யார் கதவைத் தட்டுவது? இதுவும் அந்தக் கம்பி மாதிரிதான் ஆகும்" என்கிறார் மாம்கி. எனக்கும் அந்தக் கவலை உண்டு.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். லிஃப்ட் நின்ற தேதி என்ன? யாரிடம் சொன்னாய், அவர் பெயர் என்ன? அந்தப் பெரியவர் கடைசியாக எப்போது வெளியே போனார்? அவரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் எழுது. உங்கள் ஊரிலும் கவுன்சிலர் இருப்பார், அவரும் எங்காவது ஒரு அறையில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருப்பார். எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. என் நோட்டில் இன்னும் பாதிப் பக்கம் காலி.

பருப்புப் பொடியும் இரண்டு ஜோடிக் கம்பளிச் சாக்ஸும் தனியாக வருகின்றன. சாக்ஸ் மாம்கி பின்னியது, போன் செய்து நன்றி சொல்லிவிடு.

அம்மா