அம்மாவின் நாற்காலியைத் திருப்பிக் கொடுங்கள்

எங்கள் கோவில் நிர்வாகக் குழுவில் இருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

போன காவடி விரதத்தின்போது பஜனைக்கு வந்த என் அம்மாவை எழுப்பிவிட்டு, அவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு தம்பி எடுத்துப்போனார். "சாமி முன்னால தரையிலதான் உட்காரணும் பாட்டி." அம்மா மறுபேச்சில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. உங்களிடம் முறையிட்டபோது, "கை எலும்பு முறிஞ்சதே கூடிடுச்சு, முழங்காலுக்கு என்ன?" என்றீர்கள். அதற்குத்தான் இந்தப் பதில்.

ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்போடு வேலை செய்பவள் நான். மெல்லியதாகத் தேய்த்த எலும்புத் துண்டைப் பாருங்கள்: வெட்டிய வெங்காயம் மாதிரி வட்டத்துக்குள் வட்டம், ஒவ்வொரு கூட்டமும் சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலம், நடுவில் ரத்தக்குழாய் ஓடிய துளை. வட்டங்களுக்கு இடையே செல்கள் குடியிருந்த குழிகள், அவற்றிலிருந்து சிலந்திக்கால் போல நுண்கால்வாய்கள். ரத்தம் பக்கத்திலேயே ஓடுகிறது, பழைய எலும்பை அரிக்க ஒரு வகைச் செல், புதிதாகக் கட்ட இன்னொரு வகை. அதனால்தான் அம்மாவின் கை கூடியது.

முழங்காலில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு அப்படியில்லை. கண்ணாடி போல வழவழப்பு, சீத்தாப்பழச் சதைக்குள் விதை பதிந்த மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செல்கள், சுற்றிலும் கொலாஜன் என்ற புரத நாரும் தண்ணீரும். எத்தனை ஸ்லைடு பார்த்தாலும் அதற்குள் ஒரு ரத்தக்குழாய்கூடக் கிடையாது. மூட்டுத் திரவம் ஊறி வந்தால்தான் அந்தச் செல்களுக்குச் சாப்பாடு, நடக்கும்போது ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கி விரிந்து அதை வாங்கிக்கொள்ளும். சில மில்லிமீட்டர்தான் கனம், பெரியவர்களுக்குத் தேய்ந்தால் பழையபடி வளராது. நரம்பும் இல்லாததால் தேய்வது தெரியாது, அடியிலுள்ள எலும்பும் மூட்டின் உள்சவ்வும் நோகும்போதுதான் தெரியவரும், பல நேரம் அதற்குள் நிறையத் தேய்ந்திருக்கும்.

அம்மா இப்போதும் கோவிலுக்கு நடந்துதான் வருகிறார், நடப்பது நல்லதும்கூட. முழங்காலை முழுக்க மடக்கித் தரையில் உட்கார்ந்து எழுவதுதான் அந்த மூட்டை நசுக்குகிறது.

அடுத்த கொடியேற்றத்துக்கு முன்னால் மண்டபத்தின் பின்வரிசையில் இருபது நாற்காலி போடுங்கள், ஏழு கறி விருந்து பரிமாறும் இடத்தில் வயதானவர்களுக்கு மேசைமேல் இலை போடுங்கள். அந்தத் தம்பியிடமும் சொல்லிவையுங்கள். நாற்காலிகளைத் துடைத்து அடுக்க தினமும் நான் முன்னதாகவே வந்துவிடுகிறேன்.