நிறுவியது போதாது, திறக்கவும் வேண்டும்: கணினிப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டத்தில் எங்களைப் போன்ற சங்கங்களுக்குக் கணினி கொடுத்து, மென்பொருளும் போட்டுத் தரும் பிரிவின் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். குலசேகரம் பக்கத்து ரப்பர் உற்பத்தியாளர் சங்கம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் கொடுத்த கணினியில் எங்கள் கணக்கு ஃபைல் திறக்கவில்லை என்ற புகார் உங்களுக்குத் தெரியும். புகார் எண்ணும் உங்களிடமே இருக்கிறது, 'தீர்க்கப்பட்டது' என்ற குறிப்போடு. அந்தக் குறிப்பைப் பார்த்த பிறகுதான் பொதுவில் எழுதுவோம் என்று உட்கார்ந்தேன்.

கணினியில் இருப்பது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். அதில் இருந்த லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளில், கடிதம் எழுதும் ரைட்டரையும் கணக்குப் போடும் கால்க்கையும் உங்கள் ஆள் வந்து எடுத்துவிட்டு, அதே மாதிரி இன்னொன்றான அப்பாச்சி ஓப்பன் ஆபீஸ் போட்டார். மேலே அனுப்பும் படிவம் அதில்தான் சரியாக வரும் என்றார், சரி. அதன் ஃபோல்டரில் இருந்த டெப் பொதிகள் (நிறுவும் ஃபைல்கள்) பிழையில்லாமல் ஏறின, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதே ஃபோல்டருக்குள் 'டெஸ்க்டாப் இன்டெகிரேஷன்' என்று இன்னொரு ஃபோல்டர் இருக்கிறது. மெனுவில் பெயர் வருவதும், ஃபைலை டபுள் கிளிக் செய்தால் எதில் திறப்பது என்று கணினிக்குத் தெரிவதும் அதிலுள்ள பொதியால்தான். அதை அவர் தொடவே இல்லை. ஓப்பன் ஆபீஸ் முழுதாக ஆப்ட் என்ற சிஸ்டம் ஃபோல்டருக்குள் கிடக்கிறது, வாசல் வைக்காத வீடு மாதிரி.

கணக்கு எழுதும் அக்கா மறுநாள் பென்டிரைவைச் செருகி, ரப்பர் ஷீட், ஒட்டுப்பால் (தானாக உறைந்த ரப்பர் பால்) கணக்கு இருந்த ஃபைலைக் கிளிக் செய்தார். கணக்கு வரவில்லை, ஒரு ஜிப் ஃபைல் பிரிந்த மாதிரி உள்ளே கன்டென்ட், ஸ்டைல்ஸ், மெட்டா என்று ஏதேதோ பெயர்கள். அந்த வகை ஃபைல் உள்ளுக்குள் ஜிப்தான், திறக்க உரிய நிரல் இல்லையென்றால் லினக்ஸ் அதை அப்படித்தான் காட்டும். அக்காவுக்கு இது எப்படித் தெரியும்? "மக்கா, நேத்து வர இருந்த கணக்க நானா அழிச்சேன்?" என்று கேட்டார். அழியவில்லை என்று நான் டெர்மினலில் (கட்டளை தட்டும் திரை) திறந்து காட்டிய பிறகும் நம்பிக்கை வரவில்லை. இப்போது ஷீட் எடை முழுவதையும் முதலில் நோட்டில் எழுதுகிறார், அப்புறம் நான் இருக்கும் நேரம் பார்த்துக் கணினியில் ஏற்றுகிறார். கணினி வந்து வேலை இரட்டிப்பானது எங்கள் சங்கத்தில் மட்டும்தானா என்று தெரியவில்லை.

இரண்டாவதாக வந்தவர் அந்த மெனு பொதியைப் போட்டுப் பார்த்தார், நன்றி. எஸ்ஆபீஸ் என்ற ஃபைல் ஏற்கெனவே லிப்ரே ஆபீசின் 'காமன்' என்ற பொதுவான பொதிக்குச் சொந்தம், அதன்மேல் எழுத முடியாது என்று பிழை வந்தது. வரத்தானே செய்யும், பழையதைப் பாதிதானே நீக்கியிருக்கிறீர்கள். அவர் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். புகார் தீர்ந்தது!

ஒரு பயனர் கணக்குக்கு மட்டும் ஐகான் உண்டாக்க அட்மின் அனுமதி வேண்டாம், செய்தும் பார்த்தேன். ஆனால் ஷட்டவுன் செய்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்படி நீங்களே பூட்டி வைத்திருக்கிறீர்கள். பாஸ்வேர்டு கேட்டால் விதியில் இடமில்லை என்கிறீர்கள். விதியை மதிக்கிறேன். அப்படியானால் வேலையை நீங்கள்தானே முடிக்க வேண்டும்?

ஏதாவது ஒன்றை முழுதாகப் போடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறோம். ஓப்பன் ஆபீஸ்தான் வேண்டுமென்றால் லிப்ரே ஆபீசை மிச்சமில்லாமல் நீக்கிவிட்டு அந்த மெனு பொதியைப் போடுங்கள். என்னைக் கேட்டால், உபுண்டுவின் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே லிப்ரே ஆபீசைத் திரும்பப் போடுவது மேல். ஐகானும் ஃபைல் இணைப்பும் தானாக வரும், தமிழ் மெனுவுக்கும் தனிப் பொதி உண்டு. உரிமக் கட்டணம் இல்லாத லினக்சைக் கொடுத்தது நல்ல முடிவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அரைகுறையாகப் போட்டதால், இங்கே எல்லாரும் 'லினக்ஸ்னாலே இப்படித்தான்' என்கிறார்கள். கெட்ட பெயர் லினக்சுக்கு.

தமிழ்99 விசைப்பலகையை அரசு ஏற்றது 1999இல். இந்தக் கணினிகளில் அதை ஐபஸில் (விசைப்பலகையை மாற்றித் தரும் நிரல்) சேர்க்க இன்னும் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. தமிழ் வளர்ச்சி பற்றிச் சுற்றறிக்கை மட்டும் தவறாமல் வருகிறது, அதுவும் ஸ்கேன் செய்த படமாக. சரி, அது வேறு புகார்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து ஒருவரை அனுப்பி, நிறுவலை முடித்துக் கொடுங்கள். கையெழுத்து வாங்கும் முன் அக்காவை உட்கார வைத்து, அவர் கையாலேயே அந்த ஃபைலைத் திறக்கச் சொல்லுங்கள். மத்தியானத்துக்கு மேல் ஷீட் வரத்து இருக்கும், அதனால் காலையில் வந்தால் நல்லது. வருகிறவர் அட்மின் பாஸ்வேர்டு தெரிந்தவராக இருக்கட்டும்.