மைதானம்தான் அவர்களுக்கு வீடு

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் நீ சொன்னதே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊரில் ஃப்ளூ காய்ச்சல் பரவுகிறது, மைதானத்தில் சர்க்கஸ் கூடாரம் போட்டிருக்கிறார்கள், ஷோவை நிறுத்தச் சொல்ல வேண்டி வரும் என்றாய். நகர்நல அலுவலர் நீ, அதைச் செய்துதான் ஆக வேண்டும். கேலரியில் குழந்தைகள் நெருக்கியடித்து உட்காரும் இடம் அது. ஆனால் பெரியமேட்டில் கடை வைத்து, சென்னைக்கு வந்த சர்க்கஸ்களுக்கெல்லாம் ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டவன் நான். அதனால் சொல்கிறேன். தியேட்டரை மூடினால் ஆபரேட்டர் வீட்டுக்குப் போய்விடுவார். சர்க்கஸை மூடினால் எல்லோரும் அங்கேயேதான் இருப்பார்கள். பெரிய கூடாரத்துக்குப் பின்னால் சின்னச் சின்னக் கூடாரங்களில் குடித்தனம் நடக்கிறதே, போய்ப் பார்.

1918இல் ஸ்பானிஷ் ஃப்ளூ வந்தபோது அமெரிக்காவில் ரிங்லிங் சகோதரர்களின் சர்க்கஸ் ஜார்ஜியா மாநிலத்து வேக்ராஸ் ஊரோடு அக்டோபரிலேயே சீசனை முடித்துக்கொண்டது. ஆனால் அவர்களிடம் சொந்த ரயில் இருந்தது. குளிர்காலத்தைக் கழிக்க பிரிட்ஜ்போர்ட்டில் கொட்டகை, லாயம் எல்லாம் இருந்தன. அங்கே போய்விட்டார்கள். அடுத்த வருஷம் தங்கள் கையில் இருந்த இரண்டு சர்க்கஸையும் ஒன்றாக்கி மறுபடி கிளம்பினார்கள். நம் ஊர் சர்க்கஸ்களுக்கு அப்படி ஒதுங்க இடம் ஏது? ஒரு மைதானத்தில் வசூலானால்தான் அடுத்த மைதானத்துக்கு லாரி கிளம்பும்.

2020இல் என்ன நடந்தது என்று நினைத்துப் பார். தமிழ்நாட்டில் தியேட்டர், மால் எல்லாம் மார்ச் 31 வரை மூடல் என்று முதலில் அறிவித்தார்கள். எனக்குத் தெரிந்த மேனேஜர் ஒருவர், பதினைந்து நாள்தானே, கூடாரத்தைப் பிரித்து ஏற்றினால் அதற்கே பெரிய செலவு என்று காத்திருந்தார். அவர் கணக்கு நியாயமானதுதான். 25ஆம் தேதி நாடே முடங்கியது. லாரியும் ரயிலும் கிடையாது. கிரேட் பாம்பே சர்க்கஸ் மன்னார்குடியில் மாட்டிக்கொண்டது, ஜம்போ சர்க்கஸ் கேரளாவில் கோட்டக்கல்லில். 1951இல் தொடங்கிய ஜெமினி சர்க்கஸ் மாதிரி பழைய கம்பெனிகளை நம்பியே தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் இருந்த தொழில் இது. உலகம் முழுக்க ஒரே சமயத்தில் 44 ஷோ நடத்திய சிர்க் து சொலைல் என்ற கனடா சர்க்கஸ் கம்பெனியே அந்த ஜூனில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. ரேம்போ சர்க்கஸ்காரர்கள் ஆன்லைனில் ஷோ போட்டுப் பார்த்தார்கள். நல்ல முயற்சி, ஆனால் கேமராவும் பணமும் எல்லோரிடமும் இல்லையே.

ஊர் திறந்த பிறகு அந்த மேனேஜரைப் பார்க்கப் போயிருந்தேன். அந்தரத்தில் தொங்கும் கம்பியில் பார் விளையாடும் பெண் ஒருத்தி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். வருஷக்கணக்காகக் கம்பியைப் பிடித்து ஏறியிருந்த காய்ப்பு, தொங்காமல் இருந்த மாதங்களில் மிருதுவாகிவிட்டது. மறுபடி பயிற்சி தொடங்கியதும் முதல் வாரத்திலேயே தோல் உரிந்து, துணி சுற்றியிருந்தாள். மூடியிருந்த மாதங்களில், கீழே வலையை மட்டும் கட்டிக்கொண்டு பயிற்சி செய்ய அனுமதி கேட்டார்களாம், கிடைக்கவில்லை. ஆள் கூடாமல் இரண்டு இரண்டு பேராகப் பழகினால் யாருக்கு என்ன கெடுதல்? எனக்கு இன்னும் அது பொறுக்கவில்லை.

அதனால் உத்தரவில் 'மறு உத்தரவு வரும்வரை' என்று மட்டும் எழுதி விட்டுவிடாதேம்மா. எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பாய் என்று போடு. ஊரைவிட்டுப் போக நினைத்தால், காய்ச்சல் இல்லாதவர்களுக்கு லாரியோடு போக அனுமதி சேர்த்தே கொடு. இருக்கப் போகிறார்கள் என்றால் இடவாடகையைத் தள்ளிவைக்க கமிஷனரிடம் நீயே பேசு. முதலில் ஆள் கணக்கு எடு. நேபாளம், பீகார், கேரளா என்று பல ஊர்க்காரர்கள், ரேஷன் கார்டு எங்கோ இருக்கும். குதிரை, ஒட்டகம், நாய் இருந்தால் தீவனத்துக்குக் கால்நடை மருத்துவரிடம் சொல்லிவை. பெரிய கூடாரம் சும்மாதான் இருக்கும், பக்கத் துணிகளைத் தூக்கிக் கட்டினால் நன்றாகக் காற்று வரும். மெஸ்ஸை அங்கே மாற்றச் சொல், இப்போது இருக்கும் இடுக்கில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டாம். அப்புறம், மடித்து வைத்த தார்ப்பாய்களைத் தூக்கிப் பார்க்கச் சொல். மடிப்பில் மழைத்தண்ணீர் தேங்கினால் ஃப்ளூவோடு டெங்குவும் சேர்ந்துகொள்ளும்.

டீசல் கடனுக்குத் தரக்கூடிய ஒருவர் உன் ஊர்ப் பக்கம் இருக்கிறார். நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், உன் ஊரில் இருக்கும் சர்க்கஸ் மேனேஜரிடம் கொடுத்துவிடு. நீயும் மாஸ்க் போட்டுக்கொண்டு போ. அம்மா பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறாள், பார்சல் வந்ததும் சொல்.

அன்புடன்,
அப்பா