மேப்பிள் காட்டில் குழாய் இழுக்கிறோம்

அண்டர்ஹில், வெர்மான்ட், அமெரிக்கா
நவம்பர்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. வேர் வாடல் நோய் வந்து கிழக்குப் பக்கத் தென்னைகளை வெட்ட வேண்டியதாகிவிட்டது என்று படித்ததும் மனசு கனத்துப் போச்சு. உங்கப்பா குடம் சுமந்து தண்ணீர் ஊற்றி வளர்த்த மரங்கள் அவை. தப்பி நிற்கிற மரங்களுக்கு நடுவே ஜாதிக்காய் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். நிழல் இருக்கிற வரைக்கும் வை என்றுதான் நான் சொல்வேன். ஆனால் வெட்டவெளியாகிவிட்ட இடத்தில் இப்போதே வைக்காதே.

சனி ஞாயிறு காட்டுக்குள் என்ன வேலை என்று கேட்டாய். பக்கத்து நிலத்துக்காரருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மேப்பிள் மரத்தில் துளை போட்டு, அதில் வடிகிற சாற்றைக் காய்ச்சி இனிப்புப் பாகு எடுப்பார்கள். அவருடைய மேப்பிள் காட்டில் அந்தச் சாற்றைக் கீழே கொண்டுவருகிற பழைய குழாயெல்லாம் வெயில்பட்டு விறைத்துவிட்டதால் மொத்தமாகக் கழற்றிப் புதிதாகப் போடுகிறோம். மான் வேட்டைக்காரர்களின் துப்பாக்கிப் பருவம் நேற்றுத் தொடங்கியது. அது 16 நாள். அது முடிகிற வரைக்கும் காட்டு வேலை வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டதால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்கு இதைப் புரியவைப்பது சுலபம். உன் தோப்பில் ஓடுகிற சொட்டுநீர்ப் பாசனத்தை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள். உனக்குத் தொட்டியிலிருந்து மெயின் லைன், அதிலிருந்து கிளை பிரிகிற லேட்டரல், கடைசியில் மரத்தடி. இங்கே மரத்தில் தொடங்கி லேட்டரல் வழியாக மெயின் லைனுக்கு வந்து, மலையடிவாரத் தொட்டியில் முடிகிறது. பெயர்கள்கூட அதேதான். ஆனால் உன் குழாய் தரையில் கிடக்கலாம், இது கிடக்கக் கூடாது. இடுப்பு உயரத்திலோ அதற்கு மேலேயோ, தொய்வே இல்லாமல், முழு நீளமும் இறக்கமாகவே போக வேண்டும். ஓர் இடத்தில் தொய்ந்தாலும் சாறு அங்கே தேங்கி ராத்திரி உறைந்துவிடும். மறுநாள் அந்தப் பனிக்கட்டி இளகவே மத்தியானம் ஆகிவிட்டால், காலையில் மரம் கொடுத்ததெல்லாம் வீண்.

அதனால் குழாயைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை நடந்துவிடுகிறது. கையில் மட்டம் பார்க்கிற கருவியோடு ஏறி இறங்கி, நூறு அடிக்கு இரண்டு அடியாவது இறக்கம் இருக்கிற பாதையைத் தேடுகிறோம். பிறகு வேலிக்குப் போடுகிற பன்னிரண்டரை கேஜ் இழுகம்பியை அந்தப் பாதையில் இழுத்து முறுக்கேற்றி, முக்கால் அங்குல மெயின் லைனை அதில் சேர்த்துக் கட்டுகிறோம். கம்பி நேராக மரத்தைச் சுற்றினால் மரம் பருக்கப் பருக்க அதன் கழுத்தை நெரித்துவிடும். நடுவில் மரக்கட்டைகளைச் சொருகித்தான் கட்டுவோம். இரண்டு பக்கத்து மரங்களிலிருந்தும் சின்னக் கம்பிகளால் மெயின் லைனை இழுத்துப் பிடித்தால்தான் மட்டம் நிற்கும். இந்த வேலையில் அவசரப்படுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. கம்பி சரியாக நின்றுவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும்.

லேட்டரல் 5/16 அங்குலக் குழாய். ஒன்றில் மரத்தில் போட்ட துளைகள் ஐந்துக்கு மேல் சேர்க்காதே, பத்தைத் தாண்டவே கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். ஆனால் மேற்குச் சரிவு நல்ல செங்குத்து. அங்கே அதைவிட மெல்லிய 3/16 அங்குலக் குழாய் போடுகிறோம். இந்த யோசனையை இங்கே பரப்பியவர் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் டிம் வில்மாட். அந்தப் பல்கலைக்கழகத்தின் பிராக்டர் மேப்பிள் ஆராய்ச்சி மையம் இதே அண்டர்ஹில்லில் 1946-இலிருந்து இருக்கிறது. குழாய் மெல்லியதாக இருப்பதால் சாறு அதை முழுசாக அடைத்துக்கொண்டு இறங்குகிறது. இறங்குகிற சாற்றின் கனமே மேலே இருப்பதை இழுக்கிறது. முப்பது அடி செங்குத்து இறக்கம் கிடைத்தால் உறிஞ்சுவிசை பாதரச அளவில் 25 அங்குலத்தைத் தாண்டிவிடும். மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம். கீழே சமதரையில் மட்டும் காற்றை உறிஞ்சுகிற வேக்குவம் பம்பு வைக்கிறோம்.

உறிஞ்சினால் மரத்துக்குக் கெடுதல் இல்லையா என்று நீ கேட்பாய் என்று தெரியும். நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். மரம் எவ்வளவு கொடுக்கும் என்பதை ராத்திரிக் குளிரும் பகல் இளக்கமும் தீர்மானிக்கின்றன. உறையும்போது தண்டு வேரிலிருந்து நீரை இழுத்துக்கொள்கிறது, இளகும்போது உள்ளே அழுத்தம் ஏறித் துளை வழியே சாறு வெளியே வருகிறது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் இந்த விளையாட்டு. மரத்துக்கு உண்மையான காயம் நாம் போடுகிற துளைதான். ஒன்றரை, இரண்டு அங்குல ஆழத்துக்குத் துளைத்தால், அதற்கு மேலும் கீழுமாக நீளவாக்கில் உள்மரம் ஒரு கீற்றாகச் செத்துப் பழுப்பாகிவிடும். அதில் இனி ஒருநாளும் சாறு ஓடாது. மரம் அந்த இடத்தை மூடிவிட்டுச் சுற்றிலும் புது மரத்தை வளர்க்கும். ஒவ்வொரு வருஷமும் புது இடத்தில்தான் துளைக்க வேண்டும்.

நான் இந்தக் காட்டில் ரொம்பவும் அக்கறைப்படுவது இந்த ஒரு விஷயத்தில்தான். லேட்டரலிலிருந்து துளைக்குப் போகிற சின்னக் குழாயை டிராப் லைன் என்கிறார்கள். பழைய டிராப் லைன்கள் ஒன்றரை அடிதான் இருந்தன. அவ்வளவு குட்டையாக இருந்தால் கை எட்டுகிற அதே பக்கத்தில்தான் வருஷா வருஷம் துளை விழும். சில மரங்களில் ஒரு பக்கம் முழுக்கத் தழும்பு, பின்பக்கம் இன்னும் தொடப்படவே இல்லை. இப்போது எல்லாவற்றையும் மூன்று அடியாக வெட்டுகிறோம். மரத்தை முழுசாகச் சுற்றி வரலாம். குழாய்ச் செலவு கொஞ்சம் கூடுகிறது, கூடட்டும். ஒரு மேப்பிள் முதல் துளையைத் தாங்குகிற பருமனுக்கு வரவே நாற்பது வருஷம் ஆகிறது. பத்து அங்குலக் குறுக்களவு கூட இல்லாத மரத்தில் துளைக்க நிலத்துக்காரர் விடுவதில்லை. அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அணில்கள் குழாயைக் கடிக்கும். சீசனில் தினமும் யாராவது லைனோடு நடந்தாக வேண்டும். உள்ளே குமிழிகள் வேகமாக ஓடினால் மேலே எங்கோ ஓட்டை என்று அர்த்தம். உங்கள் பக்கம் வாடல் நோய் என்றால் இங்கே ஆஷ் என்கிற மரங்களை ஒரு பச்சை வண்டு தின்கிறது, 2018-இல் இந்த மாநிலத்தில் முதலில் கண்டுபிடித்தார்கள். பட்டுப்போன ஆஷ் லைன் மேல் விழுந்தால் மொத்த மட்டமும் போய்விடும். அதனால் பாதை பார்க்கும்போதே பக்கத்தில் நிற்கிற ஆஷை எல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம்.

நாற்பது லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. ஏப்ரலில் உனக்கு ஒரு டின் அனுப்பிவைக்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதே, அவர்களுக்குக் கொடுத்துவிடாதே.

அப்புறம், நீ எனக்கு ஒன்று எழுத வேண்டும். இந்த மெல்லிய குழாயில் ஒன்றிரண்டு வருஷத்திலேயே இணைப்புகளில் பாசி மாதிரி வழவழப்பு படிந்து அடைத்துக்கொள்ளும் என்கிறார்கள். உன் லேட்டரல்களில் உப்பு அடைத்தால் ஆசிட் விடுகிறாய், பாசி அடைத்தால் குளோரின் விடுகிறாய். குளோரின் எந்த அளவில் கலக்கிறாய், எவ்வளவு நேரம் குழாயில் நிற்க விடுகிறாய், கடைசியில் எப்படி அலசி வெளியேற்றுகிறாய்? இங்கே குழாயில் ஓடுவது சாப்பிடுகிற பொருள் என்பதையும் மனசில் வைத்துக்கொண்டு எழுது. தை பிறப்பதற்குள் பதில் வந்தால் துளை போடுவதற்கு முன்பே அவரிடம் பேசிவிடுவேன்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி