புது தெர்மோஸ்டாட் மாட்டி 48 முட்டை செத்துப்போச்சு, பதில் வேணும்

வணக்கம் சார்,

பள்ளிகொண்டா பக்கத்துலேர்ந்து எழுதறேன். போன் பண்ணி பண்ணி ஓஞ்சு போய்தான் இந்த லெட்டர். உங்க அறுபது முட்டை இன்குபேட்டர்ல (முட்டை பொரிக்கற மெஷின்) சூட்ட கட்டுப்படுத்தற பழைய கேப்ஸ்யூல் தெர்மோஸ்டாட்ட கழட்டிட்டு டிஜிட்டல் போர்டு போடுங்க, திருகாணி திருப்பற வேலையே இருக்காதுன்னு சொல்லி 1,850 ரூபா வாங்கனது நீங்கதான். அந்த போர்டு எதுன்னு உங்களுக்கே தெரியும்.

சிறுவிடை முட்டை 54 வெச்சேன். ஏழாம் நாள் டார்ச் அடிச்சு பாத்து கூமுட்டை ஆறு எடுத்தேன், மீதி 48லயும் நரம்பு ஓடுச்சு. பதினாறாம் நாள் விடியகாலம் எழுந்து பாத்தா டிஸ்ப்ளேல 41.3 டிகிரி காட்டுது, 37.7ல கட் ஆவ வேண்டிய பல்பு எரிஞ்சிகினே கீது. ஒரு குஞ்சு கூட தப்பல. இன்னும் அஞ்சு நாள்தான் சார் இருந்துச்சு.

உங்க ஆளு போன்ல என்ன சொன்னாரு தெரியுமா? "வேலூர் வெயிலுக்கு அப்படித்தான்மா ஆவும், கோழிய உக்கார வெச்சு பொரிக்க வேண்டியதுதான, உங்களுக்கு எதுக்கு மெஷினு"ன்னாரு. விடியகாலத்துல என்னா சார் வெயிலு? சூடு ஏறுனா பல்ப அணைக்கறதுக்குதான தெர்மோஸ்டாட்டு? கோழிய உக்கார வைக்க தெரியாமலா காசு குடுத்து வாங்கனேன், எங்க அம்மா காலத்துலேர்ந்து அட வெச்ச வூடு இது. அந்த பேச்சு இன்னும் காதுல நிக்குது.

மெஷின எடுத்துகினு வேலூர் சர்வீஸ் சென்டருக்கு வரச்சொன்னாங்க. செவ்வாக்கிழம, பொய்கை சந்தை கூட்டம், பஸ்ல மடியிலயே வெச்சிகினு போனா கடை பூட்டு. செவ்வாய் லீவாம். வரச்சொன்ன வாய்க்கு அத சொல்ல தெரியலயா? அதுக்கு முன்னாடியே எங்க ஊரு எலக்ட்ரீஷியன் தம்பி தொறந்து பாத்து ரிலே, அதான் பல்ப போட்டு அணைக்கற சுவிட்சு, அது உள்ள காண்டாக்ட் ஒட்டிகிச்சுக்கா, அதான் கட் ஆவலன்னு காட்டுச்சு. மறுபடி வியாழக்கிழம போனா, சீல் ஒடச்சிட்டீங்க வாரண்டி கெடயாதுன்றாங்க. போட்டு ரெண்டு மாசம் கூட ஆவல.

இந்த 48ம் வளந்து முட்டை போட்டிருந்தா என் பொண்ணு காலேஜ் பீஸே கட்டியிருப்பேன், எங்க ஒரு வருஷ பொழப்பே போச்சு.

உங்க மேல கோவம் இல்ல சார், பழைய தெர்மோஸ்டாட்டோட இந்த மெஷின் மூணு வருஷம் நல்லாதான் ஓடுச்சு. வேற போர்டு மாட்டி குடுங்க. ரிலே ஒட்டிகிச்சுன்னா கரண்ட தனியா கட் பண்ற மாதிரி இன்னொரு தெர்மோஸ்டாட்டும், சூடு ஏறுனா கத்தற அலாரமும் சேத்து வைங்க. முட்டை காசு, பஸ் செலவு தரணும். அப்படி பேசன ஆளு என்கிட்ட மன்னிப்பு கேக்கணும். பத்து நாள் பாப்பேன். பதில் வரலன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போட்டுட்டு வேலூர் நுகர்வோர் கோர்ட்டுலயே கேஸ் போடுவேன், பில்லு, 41.3 போட்டோ எல்லாம் பத்திரமா கீது. தயவு செஞ்சு அந்த அளவுக்கு இழுக்காதீங்க.