ஆண்டறிக்கை: பிள்ளைங்களுக்கு மண் அறிவியல் சொற்கள் வகுப்பு

சங்க உறுப்பினர்கள், பெற்றோர், டீச்சருங்க எல்லாருக்கும் வணக்கம். அறிக்கைன்னா கூட்டம், தீர்மானம், வரவு செலவுன்னு ஆரம்பிக்கறது வழக்கம், இந்த தடவை அதை எல்லாம் கடைசில சுருக்கமா சொல்லிடறேன். ஏன்னா இந்த வருஷம் நம்ம சங்கம் முழு மூச்சா செஞ்சது ஒரே வேலை தான், ஒண்ணாம் கிளாஸ்லேர்ந்து அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் படிக்கிற பிள்ளைங்களுக்கு மண்ணைப் பத்தின அடிப்படைச் சொற்களைக் கத்துக் குடுத்தது.

ஆரம்பத்துல கமிட்டில நல்ல விவாதம் நடந்துச்சு. சின்னப் பிள்ளைங்களுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய வார்த்தை எல்லாம், மண்ணுல விளையாட விட்டாலே போதாதான்னு சிலர் கேட்டாங்க, இன்னும் சிலர் ஒரு பட்டியல் அச்சடிச்சுக் குடுத்து மனப்பாடம் பண்ண வைக்கலாம்னாங்க. முதல்ல கையில மண்ணு, அப்புறம் தான் வார்த்தைன்னு கடைசில முடிவாச்சு, வருஷம் முடிஞ்சு பாக்கறப்ப அந்த முடிவு தான் எல்லாத்துக்கும் அஸ்திவாரம்னு எனக்குத் தோணுது. டைனோசர் பேரை எல்லாம் தடுமாறாம சொல்ற பிள்ளைங்களுக்கு 'ஊடுருவல்', அதாவது தண்ணி மண்ணுக்குள்ள இறங்கறது, ஒண்ணும் கஷ்டமே இல்ல, அது எதைச் சொல்லுதுன்னு கண்ணால பாத்திருக்கணும், அவ்ளோ தான்.

முதல் ரெண்டு கிளாஸ் பிள்ளைங்களுக்கு ரொம்ப கொஞ்சம் சொல் தான் வச்சோம், மணல், வண்டல், களிமண், மக்கு (மக்கிப் போன இலை தழை), ஈரம், நிறம். தொட்டுப் பாத்து சொல்லணும். மணல் நறநறன்னு இருக்கும், வண்டல் காய்ஞ்சா பவுடர் மாதிரி வழவழன்னு இருக்கும், களிமண் நனைஞ்சா கையில ஒட்டிக்கும். இதுல வண்டல் தான் கஷ்டம், ஏன்னா ஆத்து ஓரத்துல படிஞ்ச மண்ணு மொத்தத்தையும் வண்டல்னு சொல்ற பழக்கம் நமக்கு இருக்கு, இங்க நாம சொல்றது ஒரு துகளோட அளவை. அதைப் புரிய வைக்க தரையில சாக்பீஸால வட்டம் போட்டோம். மணல் துகள் அதிகபட்சம் 2 மி.மீ., வண்டல் 0.05 மி.மீ.க்கு கீழ, களிமண் 0.002 மி.மீ.க்கும் கீழ. இந்த நம்பரை அப்படியே சொன்னா ஏழு வயசுப் பிள்ளைக்கு ஒண்ணும் ஏறாது. அதனால எல்லாத்தையும் 500 மடங்கு பெருசாக்கி, பெரிய மணல் துகளை 1 மீட்டர் வட்டமா வரைஞ்சோம், அப்ப பெரிய வண்டல் துகள் 2.5 செ.மீ. வட்டம், களிமண் துகள் பென்சில் முனையால வச்ச 1 மி.மீ. புள்ளி. பிள்ளைங்க குனிஞ்சு அந்தப் புள்ளியைத் தேடினாங்க பாருங்க, அன்னிக்கு அப்புறம் யாருக்கும் எந்தத் துகள் சின்னதுன்னு சந்தேகமே வரல.

மூணாம் கிளாஸ்லேர்ந்து மண் நயம், மண் அமைப்பு ரெண்டையும் எடுத்தோம். பெரியவங்களே இது ரெண்டையும் குழப்பிக்குவாங்க. நயம்னா மணல், வண்டல், களிமண் எந்த விகிதத்துல கலந்திருக்குங்கறது, அமைப்புன்னா அந்தத் துகள் எல்லாம் எப்படி ஒண்ணோட ஒண்ணு சேந்து கட்டி கட்டியா நிக்குதுங்கறது. நயத்தை நாம லேசுல மாத்த முடியாது, ஆனா அமைப்பை மாத்தலாம், மக்கு சேத்தா நல்லாகும், ஈரமா இருக்கறப்ப மிதிச்சா கெட்டுப் போகும். நயத்துக்கு ஜாடி சோதனை பண்ணோம். பிளாஸ்டிக் ஜாடில மூணுல ஒரு பங்கு மண், மேல தண்ணி, பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு, நல்லா குலுக்கி அசையாம வச்சிடணும். மணல் ஒரு நிமிஷம் போல ஆனதுமே அடியில உக்காந்துடும், வண்டலுக்கு சில மணி நேரம் ஆகும், களிமண் ஒரு நாள் தாண்டியும் தெளியாம மிதக்கும். அவசரப்படுத்தாம மறுநாள் வரைக்கும் காத்திருக்க வைக்கறது தான் இந்தச் சோதனைல முக்கியமான விஷயம், தன்னார்வலருங்க யாரும் நடுவுல ஜாடியை எடுத்து காட்டாதீங்க, திரும்ப முதல்லேர்ந்து குலுக்கணும். அமைப்புக்கு இன்னும் சுலபம். நல்லா காய்ஞ்ச மண்கட்டி ரெண்டு, ஒண்ணு செடி வேர் நிறைய இருந்த இடத்துலேர்ந்து, ஒண்ணு மிதிபட்டு வெறுமையா கிடந்த தரைலேர்ந்து, ரெண்டையும் வலைல வச்சு தண்ணில இறக்கினோம். வேர் இருந்த கட்டி ரொம்ப நேரம் நின்னுச்சு, வெறும் தரைக் கட்டி சீக்கிரமே பொலபொலன்னு கரைஞ்சுடுச்சு.

அப்ப கட்டிலேர்ந்து குமிழ் குமிழா வந்துச்சு, அது என்னன்னு ஒரு மூணாம் கிளாஸ் பாப்பா கேட்டா. அது உள்ள இருந்த காத்து. அன்னிக்கு திட்டத்துல இல்லாத 'நுண்துளை'ங்கற சொல் அங்கயே உள்ள வந்துடுச்சு. செடி வளர்றதுக்கு தோதான மேல்மண்ணுல சுமாரா பாதி தான் கெட்டிப் பொருள், கனிமத் துகள் 45 சதவீதம், மக்கு 5 சதவீதம் போல, மீதி பாதி தண்ணியும் காத்தும். காலுக்கு கீழ பாதி காலி இடம்னு சொன்னதும் பிள்ளைங்க மெதுவா நடக்க ஆரம்பிச்சாங்க.

இங்க ஒரு விஷயத்தை கொஞ்சம் விரிவா சொல்லணும், அடுத்த வருஷம் வகுப்பு எடுக்கப் போறவங்களுக்கு ரொம்ப அவசியம். வெட்டின பாட்டில்ல துணி கட்டி மணல் ஒண்ணுல களிமண் ஒண்ணுல போட்டு தண்ணி ஊத்தினா மணல்ல கடகடன்னு இறங்கிடும், களிமண்ல தேங்கி நிக்கும். உடனே எல்லா பிள்ளைங்களும் மணல்ல தான் துளை அதிகம்னு சொல்லுவாங்க, பெரியவங்க பல பேரும் அப்படித் தான் சொல்றாங்க. அது தப்பு. மொத்த காலி இடம் பொதுவா களிமண்ல தான் அதிகம், ஆனா ஒவ்வொரு துளையும் ரொம்ப ரொம்ப சின்னது, தண்ணியை இழுத்துப் புடிச்சு வச்சுக்கும், மணல்ல துளை பெருசு, அதனால தண்ணி நிக்காது. எவ்ளோ துளை இருக்குங்கறது வேற, எவ்ளோ வேகமா தண்ணி போகுதுங்கறது வேற. இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிஞ்சுக்கிட்ட பிள்ளை எந்தச் செடிக்கு எப்ப தண்ணி ஊத்தணும்னு தானா யோசிக்க ஆரம்பிச்சுடும்னு நான் நம்பறேன். அதனால இந்தப் பாடத்தை ஒரே வகுப்புல முடிக்காதீங்க, ரெண்டாவது வகுப்புல திரும்ப எடுங்க.

அடுக்கு பத்தின பாடத்துக்கு ஆழம் குறைஞ்ச குழி ஒண்ணு வெட்டி மேல்மண், அடிமண் நிற வித்தியாசத்தைக் காட்டினோம். மேல கருப்பா இருக்கறது மக்கு, சிவப்பா இருக்கறது இரும்பு ஆக்சைடு, ரொம்ப நாள் தண்ணி தேங்கின இடத்துல சாம்பல் நிறம் வரும். மண்ணு எப்படி உருவாகுதுன்னு கேட்டவங்களுக்கு அஞ்சு விரலை நீட்டச் சொல்லி, காலநிலை, உயிரினங்கள், நிலத்தோட சரிவு, தாய்ப்பொருள் (மண்ணு எதுலேர்ந்து உருவாகுதோ அது), காலம்னு ஒவ்வொண்ணா மடக்க வச்சோம். இது ஹான்ஸ் ஜென்னிங்கற மண் அறிவியலாளர் 1941ல வகுத்து வச்ச அஞ்சு காரணிங்க. காலம்ங்கற விரலை மடக்கறப்ப ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாக நூத்துக்கணக்கான வருஷம் ஆகலாம்னு சொன்னோம், சத்தம் போட்டுக்கிட்டிருந்த கடைசி வரிசை கூட அமைதியாயிடுச்சு. தாய்ப்பாறைன்னு சொல்லாம தாய்ப்பொருள்னு சொன்னதுக்கு காரணம் இருக்கு, ஆறும் காத்தும் கொண்டு வந்து போட்ட படிவத்துலேர்ந்தும் மண் உருவாகும், எல்லா இடத்துலயும் நேரா கீழ இருக்கற பாறைலேர்ந்து வர்றதில்ல.

டிசம்பர் 5, ஐ.நா. 2014லேர்ந்து கடைப்பிடிக்கிற உலக மண் தினம், அன்னிக்கு மண் அரிப்பு சோதனையைப் பொதுவுல வச்சோம். சாய்ச்சு வச்ச தட்டு மூணு, ஒண்ணுல வெறும் மண், ஒண்ணுல காய்ஞ்ச இலை மூடினது, ஒண்ணுல புல்லு. ஒரே உயரத்துலேர்ந்து பூவாளியால தண்ணி ஊத்தினோம். வெறும் மண் தட்டுலேர்ந்து கலங்கலா ஓடுச்சு, புல்லு இருந்ததுல கிட்டத்தட்ட தெளிஞ்ச தண்ணி. பக்கத்துல வெள்ளைப் பேப்பர் வச்சிருந்ததால மழைத்துளி விழுந்து மண்ணு எவ்ளோ தூரம் தெறிக்குதுன்னும் தெரிஞ்சுது, அரிப்பு அங்கேர்ந்து தான் ஆரம்பிக்குதுன்னு பிள்ளைங்களே பெத்தவங்களுக்கு விளக்கினாங்க. அன்னிக்கு அவங்க வாயிலேர்ந்து சொல் தானா வந்ததைக் கேட்டப்ப எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

பிஹெச் பாடத்தை இந்த வருஷம் வேணும்னே எடுக்கல. 7 நடுநிலை, அதுக்கு கீழ அமிலம், மேல காரம்னு சொல்லிடலாம், ஆனா கையால தொட்டு உணர முடியாத ஒண்ணை நம்பரா மட்டும் திணிக்க வேண்டாம்னு கமிட்டி நினைச்சுது, அஞ்சாம் கிளாஸுக்கு மட்டும் நிறம் மாறும் தாளோட அடுத்த வருஷம் வைக்கலாம்.

பாதுகாப்பு விதி மாறல. வகுப்பு முடிஞ்சதும் சோப்பு போட்டு கை கழுவணும், காயம் இருந்தா மூடிட்டு தான் மண்ணைத் தொடணும், கண்ணாடி ஜாடி வேண்டாம்.

கமிட்டிக் கூட்டம் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு, வரவு செலவு கணக்கை பொருளாளர் தனியா படிப்பாங்க. வகுப்புக்கு வந்து மண்ணுல உக்காந்த தன்னார்வலருங்க எல்லாருக்கும் மனசார நன்றி. புது வகுப்புக்கு மூடியோட அகலமான பிளாஸ்டிக் ஜாடி, பழைய பூவாளி, கிழியாத பருத்தித் துணி தேவைப்படுது, இருக்கறவங்க கழுவி எடுத்துட்டு வாங்க. மண்ணு கொண்டு வர்றவங்க எந்த இடத்துலேர்ந்து, எவ்ளோ ஆழத்துலேர்ந்து எடுத்தீங்கன்னு பை மேல எழுதிடுங்க.

இப்படிக்கு,
செயலாளர்