ஷோப்பான் யாருடைய ரத்தத்திலும் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைனைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். இசையமைப்பாளர் ஷோப்பான் போலந்து நாட்டுப்புற நடனத்தை ஒட்டி எழுதிய மசூர்காக்கள் ரூபின்ஸ்டைனுக்குக் கைவந்ததற்குப் ‘போலந்து ரத்தமே’ காரணம் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டது மனத்தை மிகவும் வருத்தியது.

ரூபின்ஸ்டைன் பிறந்தது போலந்தில்தான். ஆனால் சிறுவயதிலேயே பெர்லினுக்குப் போய்ப் படித்த அவர், உலகப் புகழ் பெற்ற பிறகும் தம் வாசிப்பில் குறை கண்டு, 1932-ல் திருமணமானபின் மாணவரைப் போல் மீண்டும் சாதகத்தில் இறங்கினார். மசூர்காக்களை 1938-39, 1952-53, 1965-66 என மூன்று முறை ஒலிப்பதிவு செய்தார். இத்தனை உழைப்பையும் பிறப்பின் கணக்கில் எழுதிவிடுவது அந்த மனிதருக்குச் செய்யும் மரியாதை ஆகுமா? ஷோப்பானின் தந்தையே பிரான்சின் லொரேன் பகுதியிலிருந்து வந்தவர் என்பது தாங்கள் அறியாததல்ல. 1955-ல் வார்சா ஷோப்பான் பியானோப் போட்டியில் மசூர்காவுக்கான தனிப்பரிசைப் பெற்ற ஃபூ ட்சோங் ஷாங்காயில் பிறந்தவர்; 1965-ல் அதே பரிசை வென்ற மார்த்தா ஆர்கெரிச் அர்ஜென்டினாக்காரர். போர்க்காலத்தில் வியட்நாமின் ஹனோயை விட்டுக் கிராமத்துக்கு இடம்பெயர்ந்த இசைப்பள்ளியில் பயின்ற டாங் தாய் சான், 1980-ல் அதே போட்டியில் முதற்பரிசே வென்றார்.

நான் நெடுங்காலமாகப் பியானோ கற்பித்து வருகிறேன். என் மாணவி ஒருத்தி ஷோப்பானின் ஓபஸ் (படைப்பு எண்) 17-இன் நான்காம் மசூர்காவை வாசித்து முடித்ததும், நடுவராக வந்திருந்த பெரியவர், “நன்றாகத்தான் இருக்கிறது; ஆனால் இதெல்லாம் நம் ரத்தத்தில் வராதம்மா” என்றார். அந்த மசூர்காவின் தொடக்க கார்டுகளில் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டுகளில்) மேற்சுரமும் கீழ்ச்சுரமும் அசையாதிருக்க, நடுச்சுரம் மட்டும் படிப்படியாக ஏறி இறங்கும். அந்த ஒன்றை மட்டும் காதில் விழச்செய்வதற்காக அவள் மாதக்கணக்கில் இடக்கையை மட்டும் தனியே வாசித்துப் பழகியதை அவர் எப்படி அறிவார்? மூன்று தட்டு மசூர்காவை ஷோப்பான் வாசித்தபோது நான்கு தட்டாகவே ஒலித்ததைப் பியானோ கலைஞர் சார்லஸ் ஹாலே எண்ணிக் காட்ட, அது அந்நடனத்தின் தேசிய இயல்பு என்று ஷோப்பான் சிரித்துக்கொண்டே விளக்கியதாக ஹாலே எழுதியிருக்கிறார். அதை நான் மறுக்கவில்லை. நடனத்தின் நடையைக் கேட்டுக் கேட்டுப் பிடிக்க முடியும் என்றுதான் சொல்கிறேன்.

தங்கள் இதழில் இது முதல் முறையும் அல்ல. 1950 செப்டம்பரில் பிரான்சின் பெசான்சோனில் ருமேனியப் பியானோ கலைஞர் தினு லிபாத்தி வாசித்த ஷோப்பானின் வால்ட்ஸ் நடன இசையைப் பற்றி முன்பு எழுதியபோதும், அவருடைய நோயைப் பற்றிப் பக்கம் பக்கமாக வந்ததே தவிர, வாசிப்பைப் பற்றி ஒரு பத்தி கூட இல்லை. பல்லாண்டு வாசகன் என்ற உரிமையில்தான் இதைச் சொல்கிறேன்.

இனி இத்தகைய கட்டுரைகளில் படைப்பின் ஓபஸ் எண்ணையும் ஒலிப்பதிவு ஆண்டையுமாவது சேர்த்து வெளியிடுங்கள். முடிந்தால் அடுத்த இதழில் ஃபூ ட்சோங்கைப் பற்றி ஒரு சிறு குறிப்புக்கு இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
பியானோ ஆசிரியர் ஒருவர்